மாடு தந்ததா, மனிதன் தந்தானா?

நாடாப்புழு மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மாட்டிறைச்சியிலிருந்தும் பன்றி இறைச்சியிலிருந்தும் என்று உடனே சொல்வோம். சரியாக வேகாத இறைச்சியில் இருக்கும் இளம்புழு நம் குடலுக்குள் போய், பல மீட்டர் நீளத்துக்கு வளர்கிறது. இது உண்மைதான். ஆனால் மாட்டுக்கு அது எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை காண்பது எளிதாக இல்லை. புழுவுக்கு எலும்பு கிடையாது. மண்ணில் அதன் தடயம் கிடைப்பது அரிது. தோற்றத்தை வைத்து உறவு சொல்வதும் கடினம். இங்கேதான் டிஎன்ஏ உதவிக்கு வருகிறது.

டிஎன்ஏ என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஏடு. தலைமுறை தோறும் அது படியெடுக்கப்படும்போது, அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறிவிடுகிறது. இரண்டு புழுக்களின் ஏடுகளை ஒப்பிட்டு, வேறுபாடு குறைவாக இருந்தால் நெருங்கிய சொந்தம், அதிகமாக இருந்தால் தூரத்துச் சொந்தம் என்று அறியலாம். எப்போது பிரிந்தன என்பதையும் ஏறக்குறையக் கணக்கிடலாம்.

தைவானிலும் கொரியாவிலும் நமக்கு அண்டையிலுள்ள சுமத்ராவின் சாமோசிர் தீவிலும் ஒரு புதிர் இருந்தது. அங்கே பன்றி ஈரலைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டவர்களிடம், மாட்டு நாடாப்புழுவைப் போன்ற புழு காணப்பட்டது. 1993இல் அதற்கு டீனியா ஆசியாட்டிகா என்று பெயரிட்டார்கள். மரபணுவை ஒப்பிட்டபோது, அது மாட்டு நாடாப்புழுவின் உடன்பிறப்பு என்று தெரிந்தது. இரண்டும் முழு வளர்ச்சி அடைவது மனிதக் குடலில் மட்டுமே.

இவை எப்போது பிரிந்தன? எரிக் ஹோபர்க் குழுவினர் 2001இல் வெளியிட்ட கணக்குப்படி, சுமார் 8 லட்சம் முதல் 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. மனிதன் மாட்டையும் பன்றியையும் வளர்க்கத் தொடங்கியதோ ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்புதான்! இவற்றின் நெருங்கிய உறவினர் ஆப்பிரிக்கச் சிங்கத்தின் குடலில் வாழும் புழு. சிங்கம் தின்ற மான் இனங்களையே நம் மூதாதையரும் தின்றபோது, புழு அவர்களிடமும் குடியேறியிருக்க வேண்டும். பிறகு மனிதக் கழிவில் வெளியேறிய முட்டைகள் தீவனத்தோடு வீட்டு விலங்குகளுக்குள் போயின. ஆக, மாடும் பன்றியும் நமக்குக் கொடுக்கவில்லை. நாம்தான் அவற்றுக்குக் கொடுத்தோம்.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நோயின் ஊற்று விலங்கிடம் மட்டுமல்ல, நம்மிடமும் இருக்கிறது. பன்றி நாடாப்புழுவின் முட்டை, புழு உள்ளவரின் கழுவாத கையிலிருந்து மற்றவர் உணவில் சேர்ந்தால், இளம்புழு மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்கலாம். இறைச்சியே தொடாத சைவருக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆகவே இறைச்சியை நன்றாக வேகவைப்பது பாதி வேலைதான். சுத்தமான கழிப்பறையும் சோப்பால் கழுவிய கையுமே மீதிப் பாதி.