கூரையற்ற அரண்மனை: உருசியாவில் ரோமனாவ் மரபு தோன்றிய வரலாறு

பேரரசுகள் வீழ்ந்த வரலாற்றை விரும்பிப் படிப்போர் பலர். வீழ்ந்த நாடு எங்ஙனம் எழுந்தது என்பதை நாடிப் படிப்போர் சிலரே. எழுச்சியின் வரலாற்றில் வாளோசை குறைவு. வரிக்கணக்கும் நிலக்கணக்குமே மிகுதி. எனினும் அக்கணக்குகளில்தான் ஒரு நாட்டின் உயிர் இருக்கிறது. உருசியாவின் ரோமனாவ் மரபினர் அரியணை ஏறிய காலத்தை அந்நோக்கில் ஈண்டுக் காண முற்படுகிறோம்.

1598இல் ஜார் பியோதர் மகப்பேறின்றி இறந்தார். அவரோடு ரூரிக் மரபின் ஆட்சி முடிந்தது. அடுத்து அரசரான போரிஸ் கோதுனோவின் காலத்தில், 1601 முதல் 1603 வரை, கொடும் பஞ்சம் நாட்டை வாட்டியது. மாஸ்கோவில் மட்டும் 1,27,000 பேர் புதைக்கப்பட்டனர் என்று அக்காலத்தவர் ஒருவர் எழுதிவைத்துள்ளார். அதன்பின், என்றோ இறந்துபோன இளவரசன் திமீத்ரி தானே என்று கூறிக்கொண்டு ஒருவன் வந்தான். அவன் கொல்லப்பட்டபின் அதே பெயரில் மற்றொருவன் வந்தான். 1610இல் போலந்துப் படை கிரெம்ளின் கோட்டைக்குள் புகுந்தது. மறு ஆண்டு நோவ்கொரோத் நகரம் சுவீடன் வசமாயிற்று. சிமொலென்சுக் கோட்டை போலந்திடம் வீழ்ந்தது. உருசியர் இதனைக் 'குழப்பக் காலம்' என்றே வழங்குவர்.

மீட்சி அரண்மனையிலிருந்து வரவில்லை என்பது நாம் கருதத்தக்கது. நீழ்னி நோவ்கொரோத் நகரத்து இறைச்சி வணிகரான மினின் என்பவர் ஊர் மக்களிடம் பொருள் திரட்டினார். பொழார்ஸ்கி என்னும் கோமகன் படைநடத்தினார். 1612இல் மாஸ்கோ மீண்டது. 1613 பெப்ருவரி 21ஆம் நாள் (பழைய நாட்காட்டிப்படி) சமயத் தலைவர், பிரபுக்கள், நகரத்தார், கொசாக்குகள் ஆகியோர் கூடிய நாட்டுப் பேரவை மிகயீல் ரோமனாவை மன்னராகத் தேர்ந்தது. அயல்நாட்டு இளவரசர் எவரையும் ஏற்பதில்லை என்பது அப்பேரவையின் முடிவு. மிகயீலின் பாட்டனார், இவான் மன்னரின் முதல் மனைவி அனஸ்தாசியாவின் உடன்பிறந்தவர். பழைய மரபோடு இருந்த தொடர்பு அவ்வளவே.

மிகயீலுக்கு அப்போது வயது 16. தந்தை பிலாரெத் போலந்தில் சிறையிருந்தார். கொஸ்திரோமா நகரத்து மடத்தில் மகனோடு தங்கியிருந்த தாய், முந்தைய மன்னர்கள் பட்ட பாட்டை எண்ணி, முதலில் இசையவில்லை. எந்தத் தாய்தான் இசைவாள்? பின்னர் மாஸ்கோ நோக்கிப் புறப்பட்ட இளம் மன்னர், தமக்கும் தாய்க்கும் கிரெம்ளினில் மாளிகைகளைச் செப்பனிட்டு வைக்குமாறு எழுதினார். அவற்றுக்குக் கூரையில்லை, தச்சரில்லை, பணமுமில்லை என்று பிரபுக்கள் விடையெழுதினர். அன்றைய உருசியாவின் நிலையை உணர்த்த இவ்விடை ஒன்றே போதும்.

கருவூலம் வெறுமையாயிருந்தது. உப்பு வணிகத்தால் பெருஞ்செல்வரான ஸ்திரோகனோவ் குடும்பத்தாரிடம் பணமும் தானியமும் உப்பும் கடனாகக் கேட்டு அரசர் மடல் விடுத்தார். வணிகர்மீது 'ஐந்தில் ஒரு பங்கு' என்னும் தனிவரி பலமுறை விதிக்கப்பட்டது. இவ்வரிகளை இளம் மன்னர் தம் பெயரால் மட்டும் விதித்திருப்பின் மக்கள் தந்திருப்பரோ என்பது ஐயமே. ஆட்சியின் முதற் பத்தாண்டில் நாட்டுப் பேரவை அடிக்கடி கூடி அவர் ஆணைகளுக்கு இசைவளித்தது.

அடுத்து, இழப்பை ஏற்று அமைதி பெற்றனர். 1617இல் ஸ்தொல்போவோ உடன்படிக்கையால் நோவ்கொரோத் திரும்பியது; பால்டிக் கடற்கரை கைவிட்டுப் போயிற்று. 1618இல் போலந்துடன் 14½ ஆண்டுகளுக்குப் போர்நிறுத்தம் செய்து சிமொலென்சுக்கை விட்டுக்கொடுத்தனர். 1619இல் பிலாரெத் விடுதலை பெற்றுத் திரும்பினார். தந்தை திருச்சபையின் தலைவராகவும், 1633இல் இறக்கும்வரை மகனோடு இணையாட்சியராகவும் விளங்கினார். பாழான நிலம் எது, பயிரிடும் நிலம் எது என்று அளந்தெழுதும் பணி விரைவுற்றது. சிமொலென்சுக்கை மீட்க 1632இல் தொடுத்த போர் தோல்வியுற்றது. எனினும் 1634இல் போலந்து மன்னர் மாஸ்கோ அரியணைக்கான உரிமையைத் துறந்தார். 1637இல் தோன் ஆற்றுக் கொசாக்குகள் உதுமானியரிடமிருந்து அசோவ் கோட்டையைப் பிடித்து ஜாருக்கு அளிக்க முன்வந்தனர். 1642இல் கூடிய பேரவையில் பேராளர்கள் தம் வறுமையையும் அதிகாரிகளின் கொடுமையையும் எடுத்துரைத்தனர். கோட்டையைக் காலி செய்யுமாறு ஜார் ஆணையிட்டார். வீரமென்று பாடப்படாத இச்செயலையே அவ்வாட்சியின் சிறந்த செயலாக நாம் மதிக்கிறோம்.

ஆயினும் இம்மீட்சிக்கு விலை கொடுத்தவர் யார்? பணமில்லாத அரசு, குதிரைப்படை வீரர்க்குக் கூலியாக நிலத்தையே வழங்கியது. உழுவாரற்ற நிலம் வீரனுக்கு உதவாது. வரிச்சுமை தாங்காத உழவரோ பெருநிலக்கிழாரிடமும் தெற்கெல்லைக்கும் ஓடினர். ஓடியவரை 5 ஆண்டுக்குள் தேடிப் பிடிக்கலாம் என்றிருந்த வரம்பை நீக்குமாறு வீரர்கள் மீண்டும் மீண்டும் முறையிட்டனர். 1641இல் அது 10 ஆண்டாயிற்று. மிகயீல் 1645இல் இறந்தார். அவர் மகன் அலெக்சேய் காலத்தில், 1648இல் மாஸ்கோ கிளர்ந்தெழுந்தது. மறு ஆண்டே 25 இயல்களும் 967 விதிகளும் கொண்ட சட்டத்தொகுப்பு வெளிவந்தது. அதில் கால வரம்பே இல்லை. ஓடிய உழவரை எத்தனை ஆண்டு கழிந்தாலும் மனைவி மக்களோடு மீட்டுக்கொணரலாம் என்றாயிற்று. அந்தத் தளையை அதே மரபில் வந்த இரண்டாம் அலெக்சாந்தர் 1861இல் நீக்கும்வரை, உழவர் 212 ஆண்டுகள் காத்திருந்தனர்.