தீவகத்து முதியோரும் சம்பளத்துக்கு வரும் பராமரிப்பாளரும்

பிள்ளைகள் யாவரும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்விட்டபின் யாழ்ப்பாணத் தீவகத்தில், நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ பெரிய வீடொன்றில் தனித்திருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் ‘ஒரு ஆளைப் பிடிச்சு விட்டிருக்கிறம்’ என்று உறவினர் ஆறுதலாகச் சொல்லும்போது, அந்த ஆள் எந்த ஊர், முழுப்பெயர் என்ன, எங்கே பழகியவர், அவர் லீவில் போனால் யார் வருவார் என்று கேட்டால், பதில் வருவதற்குப் பதிலாகப் பேச்சு வேறு விஷயத்துக்குத் திரும்பிவிடுவதை நான் ஓயாமல் பார்க்கிறேன். தொலைபேசியில் ஒரு ஏஜென்சிக்காரர் பேசினார், ஒரு மாதச் சம்பளம் கமிஷனாகப் போயிற்று, குறிகட்டுவான் துறையில் ஒரு பெண் வந்து இறங்கினார், அவ்வளவுதான் ஏற்பாடு. சில மாதங்கள் சென்று ஆச்சியின் காப்பைக் காணவில்லை என்றோ, அப்புவின் முதுகில் படுக்கைப்புண் குழிவிழுந்துவிட்டது என்றோ செய்தி வரும்போது, பொலிஸ் நிலையத்தில் கேட்கப்படும் முதற் கேள்விக்கே, அதாவது அந்த ஆளின் பெயர் விலாசத்துக்கே, விடை சொல்ல ஒருவரும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், லண்டனுக்குப் போன மகன் வாழும் இங்கிலாந்தில், வீடு தேடிச் சென்று முதியோரைக் குளிப்பாட்டி உடுத்தும் நிறுவனம் பராமரிப்புத் தர ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கவேண்டும். பணியாளரின் குற்றப்பதிவும் முன்கூட்டியே பரிசோதிக்கப்படும். அந்த நியமங்களை அறிந்தவர்கள், சிலவேளை அந்தத் தொழிலையே அங்கு செய்பவர்கள், தம் தாயின் விஷயத்தில் மட்டும் ஒரு அடையாள அட்டைப் பிரதியைக்கூடக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள்.

நமது நாட்டுச் சட்டம் இவ்விடத்தில் மெலிந்தது. 1871இல் ஆங்கில அரசு வீட்டுப் பணியாளரைப் பதிவதற்கென ஒரு கட்டளைச் சட்டம் செய்தது; அது எசமானரின் வெள்ளிக்கரண்டியைக் காப்பதற்குச் செய்ததேயன்றி, நோயாளியைக் காப்பதற்கன்று. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் பதிவு பெறவேண்டுமென்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்குள் வந்து தங்கும் தனியாளை உங்களுக்காகப் பரிசோதித்துத் தரும் அலுவலகம் தீவகத்தில் எங்கும் கிடையாது. வேதனச் சபைகளுள் வீட்டுவேலைக்கென ஒரு சபை இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் அவ்வேலையைத் தீண்டுவதில்லை. ஆகையால் அரசாங்கம் செய்யாத பரிசோதனையைக் குடும்பமே காகிதத்தில் செய்து வைக்கவேண்டும். இதை மறுபடியும் சொல்லுகிறேன்: காகிதத்தில். வாய்ப்பேச்சு எந்த நீதிமன்றத்திலும் தளரும்.

முதலாவது, தேசிய அடையாள அட்டை. மூலத்தைக் கையிற் பார்த்து, முகத்தோடு ஒப்பிட்டு, இரு பக்கமும் பிரதி எடுக்கவேண்டும். கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பிய படம் போதாது. பதினாறு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பதே குற்றமாதலால், அட்டை இல்லை என்ற சாக்குக்குப் பின்னால் வயதுதான் ஒளிந்திருக்கிறதா என்று சந்தேகிப்பதும் உசிதம்.

இரண்டாவது, வதிவிடமும் நற்குணமும் பற்றிய கிராம அலுவலர் சான்றிதழ். இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். இதைத் தரவேண்டியவர் உங்கள் தீவின் கிராம அலுவலர் அல்லர். பணியாளர் நிரந்தரமாக வசிக்கும் பிரிவின் கிராம அலுவலரே. அது வன்னியானாலும் மலைநாடானாலும் அங்கிருந்துதான் வரவேண்டும். அந்தப் பிரிவின் பிரதேச செயலாளர் மேலொப்பம் இட்டிருக்கவும் வேண்டும். சான்றிதழ் வந்தபின் அந்த அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி எடுத்து, இப்படியொருவருக்கு இன்ன திகதியில் கொடுத்ததுண்டா என்று கேட்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழித்த குடும்பத்தை நான் காண்பது அபூர்வம். பிறகு ஒரு பிரதியை உங்கள் தீவின் கிராம அலுவலரிடமும், ஒன்றை அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலும், ஒன்றை வீட்டுக்கு வெளியே இருக்கும் உறவினரிடமும் கொடுத்து வையுங்கள். நோயாளி படுத்திருக்கும் அறையின் அலுமாரிக்குள் வைத்த பிரதி, ஆளோடு சேர்ந்தே மறைந்துவிடும்.

மூன்றாவது பயிற்சி. வெள்ளைச் சட்டை போட்டவரெல்லாம் தாதியர் அல்லர். ‘நேர்ஸ்’ என்று அழைத்து வந்தால் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். தாதியருக்கென்று 1988ஆம் ஆண்டிலேயே பேரவைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருக்கிறது. பராமரிப்பாளர் என்றால் என்.வீ.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாதவரை வேலைக்கு வைக்கவே கூடாதென்று நான் சொல்லவரவில்லை. அன்போடு கஞ்சி வைத்து ஊட்டுவதற்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் அவர் கையில் இன்சுலின் ஊசியையோ, மூக்குக் குழாயையோ, சிறுநீர்க் குழாயையோ ஒப்படைக்கக்கூடாது. ஒப்படைக்கவே கூடாது. அவ்வேலைக்கு உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரித்து, வீட்டுக்கு வந்து பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது, ஒரு பக்க உடன்படிக்கை. நொத்தாரிசு வேண்டியதில்லை, இரு தரப்பாரும் வாசித்து விளங்கும் தமிழில், இரண்டு சாட்சிகளோடு எழுதினால் போதும். சம்பளம், சம்பளத் திகதி, உறங்கும் நேரம், ஓய்வு நாள், செய்யவேண்டிய வேலை, செய்யக்கூடாத வேலை ஆகிய யாவும் அதில் இருக்கவேண்டும். சம்பளத்தை வங்கி மூலமே கொடுங்கள். அது உங்களுக்கும் அத்தாட்சி, சம்பளம் கிடைக்காமல் ஏமாறும் பணியாளருக்கும் அத்தாட்சி. ஏனெனில் ஏமாற்றப்படுபவர் எப்போதும் வீட்டுக்காரர்தான் என்பது பொய். நோயாளியையும் பார்த்து, மாட்டையும் பார்த்து, வளவையும் கூட்டி, இரவில் நாலு தரம் எழும்பி, மாதக்கணக்கில் ஓய்வின்றி உழைக்கும் பெண் ஒருநாள் பொறுமையிழப்பதற்கு அவருடைய குணத்தை மட்டும் பழிசொல்வது நியாயமாகாது. படுத்த படுக்கையான ஒருவரை, புண் வராதிருக்க, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், பகலிலும் இரவிலும். இதை ஒரே மனுஷி செய்ய முடியாது. இரவுக்கு இன்னொருவர் வேண்டும். அதற்குச் செலவழிக்க வழியில்லையென்றால் நோயாளியைத் தீவில் தனியே வைத்திருக்கும் ஏற்பாட்டையே குடும்பம் மறுபரிசீலனை செய்யவேண்டும்.

தீவகத்துக்கென்று இன்னொரு நிபந்தனையும் உண்டு. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதி இருக்கிறது. நெடுந்தீவுக்கோ குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடல். சோளகமோ வாடையோ மிஞ்சினால் குமுதினிப் படகும் இல்லை, வேறு படகும் இல்லை. லீவில் போன பணியாளர் சொன்ன நாளில் திரும்பாதிருப்பதற்கு அவர் கெட்டவராயிருக்க வேண்டியதில்லை, காற்றே போதும். எனவே மாற்றாள் வந்து இறங்கி, மருந்துக் கொப்பியைக் கையேற்ற பிறகே முதலாமவர் படகேறவேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதுங்கள். அந்தக் கொப்பியில் மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், நோயாளி விழுந்தாரானால் எப்படி விழுந்தார் என்பது யாவும் அன்றன்றே பதியப்படவேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் அது கடலைக் கடக்காது; ஆகவே இருட்டியபின் நோயாளியை அக்கரைக்குக் கொண்டுபோக யாரை அழைப்பது என்று உள்ளூர் வைத்தியசாலையில் முன்னதாகவே கேட்டு, அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். குளிப்பு கிணற்றடியில் என்றால், பாசி படிந்த கிணற்றுக்கட்டில் முதியவரைத் தனியே நிறுத்தக்கூடாது என்பதையும் அதன்கீழ் எழுதுங்கள்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் 22இல் நெடுந்தீவு மாவிலித்துறைப் பகுதியில் ஒரே வீட்டில் முதியோர் ஐவர் வெட்டிக் கொல்லப்பட்டதை யாவரும் அறிவர். அது பராமரிப்பாளர் சம்பந்தப்பட்ட விஷயம் அன்று. ஆயினும் காவலில்லாத வீட்டில் முதியோரும் பொன்னும் ஒன்றாயிருப்பது எத்தகைய ஆபத்து என்பதற்கு அதைவிடப் பிரத்தியட்ச உதாரணம் தேவையில்லை. நகை வங்கியில் இருக்கட்டும். காணி உறுதியின் மூலப்பிரதியும் வீட்டில் வேண்டாம். நோயாளியிடம் யாராவது அற்றோர்ணித் தத்துவத்திலோ நன்கொடை உறுதியிலோ கையெழுத்து வாங்கப் புறப்பட்டால், பிள்ளைகளுக்குத் தெரியாமல் அது நடவாதபடி அயலவர் ஒருவரை விழிப்பாக இருக்கச் சொல்லுங்கள்.

இனி, தவறு நடந்துவிட்டால். அடித்தார், பட்டினி போட்டார், திருடினார் என்றால் முறைப்பாடு பொலிசில்தான், அவசரமானால் 119. வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேட்பது உங்கள் உரிமை. புரியாத பாஷையில் எழுதிய தாளில் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று நீட்டினால் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறாமல் வெளியே வராதீர்கள். பெரும்பாலோர் மயங்கும் ஒரு பேதமும் உண்டு: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் துன்புறுத்துபவர் உறவினரானால் பயன்படும்; அப்போது ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். சம்பளத்துக்கு வந்தவர்மேல் அச்சட்டம் செல்லாது. அங்கே தண்டனைச் சட்டக்கோவையே வழி.

பிள்ளைகளே கைவிட்டார்கள் என்றால், தமக்குத் தாமே வழிசெய்ய முடியாத பெற்றோர் மாதாந்தப் பராமரிப்புப் பணம் கோரி, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு ஓடவேண்டாம், பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள். நயினாதீவாரும் புங்குடுதீவாரும் போகவேண்டியது வேலணைப் பிரதேச செயலகம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறை. நெடுந்தீவுக்கு அதன் சொந்தச் செயலகம். பிழையான கந்தோரில் ஒரு நாள் படகுக்கூலியைத் தொலைத்துவிட்டுத் திரும்பும் கிழவர்களைக் காண எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் ஒரு பலகை எழுதித் தொங்கவிட எந்த உத்தியோகத்தருக்கும் ஏன் தோன்றவில்லை என்பது அதைவிடப் பொறுக்கவில்லை.

‘அடுத்த கிழமை வாங்கோ’ என்ற பதிலே மீண்டும் மீண்டும் கிடைத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், எனது விண்ணப்பம் இன்று யாருடைய மேசையில் இருக்கிறது என்று அதே செயலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்; பதினான்கு வேலைநாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க அவர் கடமைப்பட்டவர். பொலிசாரே அசட்டை செய்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டே படகுக்குத் திரும்புங்கள்.