மருந்தடிப்பவரின் நினைவும் ஒரு நொதியும்

நரம்பணுக்கள் வேதிப்பொருளின் வழியாகச் செய்தி கடத்துவதை 1921-இல் ஆட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு மெய்ப்பித்தார். அவ்வாறு செய்தி சுமக்கும் அசிடைல்கோலின், தசைகளை இயக்குவதோடு, மூளையில் ஹிப்போகேம்பஸ் எனப்படும் நினைவுப் பகுதியில் கவனத்தைக் கூராக்கிப் புதியவற்றைப் பதியச் செய்யவும் துணைபுரிகிறது. முன்சென்ற செய்தி அழிந்தால்தான் அடுத்தது தெளிவாகச் சேரும் என்பதால், அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், அப்பொருளை உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது.

குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் முடக்குவது இந்த நொதியைத்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும், மா, தென்னைத் தோப்புகள் நிறைந்த இராஜபாளையத்திலும் மருந்தடிப்பது பலருக்குக் கூலிவேலை. மருந்து தோல் வழியாகவும் உட்புகுவதால், மூக்கை மட்டும் துண்டால் கட்டிக்கொள்வது போதிய காப்பாகாது. கண்மணி சுருங்குதல், உமிழ்நீர் பெருகுதல், தசை துடித்தல், மூச்சுத்திணறல் ஆகியவை உடனடி அறிகுறிகள். கடும் நச்சிலிருந்து மீண்டவர் சிலரிடம் கவனமும் நினைவாற்றலும் பின்னாளில் குன்றியிருந்ததை ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. (முதுமை மறதிக்குத் தரப்படும் டோனெபெசில் மாத்திரையும் இதே நொதியையே தடுக்கிறது, ஆனால் அத்தடை மிதமானது, மீளக்கூடியது.)

1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 1971 விதிகளின் 37-ஆம் விதி, இவ்வகை மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைகளில் பணிபுரிவோரின் இரத்தத்தில் கொலினெஸ்டரேஸ் அளவை மாதந்தோறும் சோதிக்க வேண்டும் என்கிறது; மருந்தடிப்பவருக்கு அச்சோதனையை மருத்துவர் அறிவுறுத்தும்போது செய்ய வேண்டும் என்கிறது. விதி இருக்கிறது; ஆயினும் இன்று ஒரு காட்டிலும் நாளை ஒரு தோப்பிலும் நாட்கூலிக்கு மருந்தடிப்பவருக்கு நிலையான முதலாளி இல்லாமையால், அச்சோதனையைச் செய்விக்கும் பொறுப்பு எவர் தலையிலும் விழாமல் நழுவிவிடுகிறது.

நச்சேறியவரின் உடையைக் களைந்து, சோப்பு நீரால் உடலைக் கழுவி, 108 ஊர்தியில் தாமதமின்றி மருத்துவமனை சேர்ப்பதும், மருந்துப் புட்டியை அல்லது அதன் சீட்டை உடன் கொண்டுசெல்வதும் இன்றியமையாதவை. மிகையான அசிடைல்கோலினின் விளைவை அட்ரோபின் தடுக்கும்; முடங்கிய நொதியை மீட்கும் பிராலிடாக்ஸிம், நஞ்சுக்கும் நொதிக்கும் இடையிலான பிணைப்பு இறுகுவதற்குள் தரப்பட்டால்தான் பயன்படும்.

பூச்சிமருந்து வாங்கிய ரசீதும் சிகிச்சைச் சீட்டும் பின்னர் இழப்பீடு கோருவதற்குச் சான்றாகும். இப்பகுதிக்கான மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இயங்குகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி கோரலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.