மரப்பட்டையிலிருந்து வந்த மருந்து



பாக்கார் ஆராங் பக்கத்து வீட்டு வாசல்களில் நித்தியகல்யாணிச் செடியைப் பல இடங்களில் காணலாம். எங்கள் பள்ளித் தோட்டத்திலும் வரிசையாக நட்டிருக்கிறோம். ஒரு நாள் மாணவி ஒருத்தியின் தாயார் வந்து, "டீச்சர், இந்த இலையில் கொஞ்சம் பறித்துக்கொள்ளட்டுமா? அக்காவுக்கு வயிற்றில் கட்டி. இதைக் காய்ச்சிக் குடித்தால் கரைந்துவிடுமாம்" என்று கேட்டார். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டோம். "இதைக் குடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறாள்" என்றார். அவருக்கு நாங்கள் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறோம்.

நித்தியகல்யாணியில் மருந்து உண்டு என்பது பொய்யல்ல. ஜமைக்கா தீவில் இந்த இலையை நீரிழிவுக்குக் காய்ச்சிக் குடித்து வந்தார்கள். கனடா நாட்டில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்னும் இருவர் அதன் சாற்றை எலிகளுக்கு ஊசியாகச் செலுத்திப் பார்த்தனர். சர்க்கரை குறையவில்லை. மாறாக, இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் குறைந்தன. அதைக் கொண்டு, 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். பின்னர் இதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் வந்தது. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு அது இன்றும் முக்கியமான மருந்து.

ஆனால் அந்த அக்காவுக்கு ஏற்பட்டதாக நாங்கள் அஞ்சியது வேறு நோய். கருப்பையின் இரு பக்கமும் வாதுமைக் கொட்டை அளவில் சூலகங்கள் உள்ளன. சினைப்பை என்றும் சொல்வார்கள். அங்கே தோன்றும் புற்றுநோய்க்கு முதன்மையாகக் கைகொடுக்கும் தாவர மருந்து நம் வாசல் செடியிலிருந்து வரவில்லை. அது குளிர்நாட்டு மரம் ஒன்றிலிருந்து வந்தது.

1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில், ஆர்தர் பார்க்லே என்னும் தாவரவியலார் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். மன்ரோ வால் என்பவரும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானி என்பவரும் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டனர். அதுவே டாக்சால், மருத்துவப் பெயர் பாக்லிடாக்சல். 1992இல் சூலகப் புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி அளித்தது.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, உள்ளே மெல்லிய நூல்கள் போன்ற இழைகள் தோன்றி, மரபுக் கூறுகளை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடும். வேலை முடிந்ததும் அவை கலைந்துவிட வேண்டும். நித்தியகல்யாணி மருந்து அந்த இழைகள் உருவாகாமல் தடுக்கிறது. யூ மர மருந்தோ உருவான இழைகளைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. இதை 1979இல் கண்டறிந்தவர் சூசன் ஹார்விட்ஸ் என்னும் பெண்மணி. பிரிய முடியாத புற்றணு மடிகிறது. முடியின் வேரிலும் உயிரணுக்கள் விரைந்து பிரிவதால், மருந்து ஏற்றும்போது முடியும் உதிர்கிறது. சிகிச்சை முடிந்த பின் பெரும்பாலும் அது மறுபடி வளரும்.

இனி, இலைக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். ஒரு கிலோ டாக்சாலுக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை வேண்டியிருந்தது. பால்மரம் வெட்டிய கைகளுக்கு இதன் பொருள் விளங்கும். நாம் பட்டையை மெல்லியதாகச் சீவி மங்கில் பால் பிடிப்போம்; பட்டை மீண்டும் வளரும். அங்கேயோ பட்டையை முழுவதும் உரித்தார்கள்; மரமே பட்டுப்போயிற்று. ஆகவே ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து மூலப்பொருளை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் மருந்தாக மாற்றும் வழியைக் கண்டனர். இலையைக் கொய்தால் மரம் சாகாது அல்லவா?

மேலும், டாக்சால் தண்ணீரில் கரையாது. பதப்படுத்திய ஆமணக்கெண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரைத்து, நோயாளியின் உயரம், எடைக்கு ஏற்ப அளந்து, இரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். ஒவ்வாமை வராதிருக்க முன்கூட்டியே வேறு மருந்தும் கொடுக்கிறார்கள். யூ மரத்தின் இலையும் விதையும் கொடிய நஞ்சு. நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சினால், எவ்வளவு நஞ்சு இறங்கியது என்று எந்த வீட்டுக் கோப்பையும் காட்டாது.

அறுவைச் சிகிச்சையும், கார்போபிளாட்டினோடு சேர்த்துப் பாக்லிடாக்சல் ஏற்றுவதும் இந்நோய்க்கு வழக்கமான மருத்துவம். பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு முறை ஏற்றுவார்கள். அந்த நாட்களில் வீட்டில் எந்தக் கஷாயம் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபிப்பாரே என்று அஞ்ச வேண்டாம்.

உணவால் இதைத் தடுக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கலத்தில் புற்றணுக்களின் வளர்ச்சியைக் குறைத்திருக்கிறது. ஆனால் நாம் உண்ணும் மஞ்சளிலிருந்து அது இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. மனிதரிடம் இந்நோயைத் தடுப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை. குழம்புக்கு மஞ்சள் போடுங்கள். மருத்துவத்துக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள். பிள்ளை பெறுவதும், தாய்ப்பால் கொடுப்பதும், கருத்தடை மாத்திரையும் இந்நோய் வரும் வாய்ப்பைக் குறைப்பதாகத் தெரிந்திருக்கிறது. மாத்திரையை டாக்டரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். தாய்க்கோ சகோதரிக்கோ சூலகப் புற்றுநோயோ மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

தாய்மார்களே, இந்நோய் சத்தமில்லாமல் வரும். வயிறு உப்பிக்கொண்டே இருத்தல், இரண்டு வாய் உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவையே அறிகுறிகள். வாயு என்று எண்ணி ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு இருந்துவிடுகிறோம். இரண்டு மூன்று வாரம் நாள்தோறும் இப்படி இருந்தால், கிளினிக்குக்குச் சென்று சொல்லுங்கள். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். பாப் ஸ்மியர் எடுத்தாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். அது கருப்பை வாய்க்கான பரிசோதனை. சூலகத்தை அது காட்டாது.

அன்று வந்த தாயாரிடம் இலையைக் கொடுக்கவில்லை. பிரட்டுக்கு ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலிதான் போகும் என்றோம். மறுவாரமே அக்காவை ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றார்கள். காலம் தாழ்த்தாமல் போனார்களே என்பதில் எங்களுக்கு நிம்மதி.

நித்தியகல்யாணி உங்கள் வாசலில் பூத்துக்கொண்டிருக்கட்டும். மருந்தை மட்டும் மருத்துவமனையில் பெற்றுக்கொள்ளுங்கள்.