கோழிக்குஞ்சுக்குக் குளிருமா?

குழந்தைகளே, மழை பெய்து ஓய்ந்ததும் தாய்க்கோழியைக் கவனித்திருக்கிறீர்களா? சிறகை லேசாக விரித்து அது உட்காரும். குஞ்சுகள் ஓடிவந்து அடியில் புகுந்துகொள்ளும். கோழிக்குப் பத்து, பதினைந்து கால்கள் முளைத்தது போலத் தெரியும்! பருந்துக்குப் பயந்துதான் ஒளிகின்றன என்று நினைக்காதீர்கள். குளிர்தான் முக்கியக் காரணம்.

நம் உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். வளர்ந்த கோழிக்குச் சுமார் 41 டிகிரி. ஆனால், 21 நாள் முட்டைக்குள் இருந்து வெளிவரும் குஞ்சுக்கு அதைவிட ஏறக்குறைய இரண்டு டிகிரி குறைவு. அதையும் தானாகக் காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது.

ஏன்? அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சி, அதில் ஒரு டம்ளர் மொண்டு வையுங்கள். எது முதலில் ஆறும்? டம்ளர்தானே! குஞ்சின் எடையோ சுமார் 40 கிராம். சின்ன உடலிலிருந்து சூடு வேகமாக வெளியேறும். பிறந்தவுடன் உடம்பெல்லாம் ஈரம். அது காயும்போது சூட்டையும் எடுத்துச் சென்றுவிடும். மேலே இருப்பது மெல்லிய தூவி மட்டுமே.

குளிர்ந்தால் பறவைகளும் நம்மைப் போல நடுங்கும். தசைகள் நடுங்கும்போது வெப்பம் உண்டாகும். குஞ்சின் தசைகள் முற்றாததால் இந்த வேலை முதலில் சரியாக நடக்காது. நாள் செல்லச் செல்லத் தசை வலுக்கும், உடல் பருக்கும், இறகு முளைக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் ஓரளவு தேறிவிடும்.

சந்தையில் சிவப்பு, பச்சைச் சாயம் பூசிய குஞ்சு வாங்கி வந்து, இரண்டே நாளில் அது செத்துப்போனதென்று அழுத மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். "தீனி போட்டேனே சார்!" என்பார்கள். தீனி மட்டும் போதாது, சூடும் வேண்டும். கோழிப்பண்ணையில் முதல் வாரம் சுமார் 35 டிகிரி இருக்குமாறு பல்பு எரியவிடுவார்கள். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைப்பார்கள். போதுமான சூடு இருக்கிறதா என்பதைக் குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் முண்டியடித்தால் குளிர்கிறது. விலகிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது; இப்படி மூச்சு வாங்கித்தான் உடலைக் குளிர்விக்கும்.

சிட்டுக்குருவிக் குஞ்சின் நிலை இன்னும் பாவம். கண் திறக்காமல், தூவிகூட இல்லாமல் பிறக்கும். பத்து நாள் அளவில்தான் தன் சூட்டைத் தானே காக்கப் பழகும். அப்படி ஒரு குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். மனிதர் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பது வீண் பேச்சு.

எல்லாப் பறவையும் இப்படியா? இல்லை. நிக்கோபார் தீவுகளில் மெகபோடு என்றொரு பறவை இருக்கிறது. மணலும் சருகும் குவித்து மேடு கட்டி, அதற்குள் முட்டையிடும். அடைகாக்காது! சருகு மக்கும் சூட்டிலேயே முட்டை பொரியும். இறகோடு பிறக்கும் குஞ்சு மண்ணைத் தோண்டிக்கொண்டு மேலே வரும். அம்மாவைத் தேடாமல் நேராகக் காட்டுக்குள் நடந்துவிடும்.