எது முதலில் படியும்?

கொடுங்கையூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் குப்பைமேடுதான் நினைவுக்கு வரும். அதே ஊரில் 2019 முதல் இன்னொரு வேலையும் நடக்கிறது. சென்னை நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து, அதை ஆர்.ஓ. சவ்வுகளில் செலுத்தி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை வடசென்னை ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் அங்கே இருக்கிறது. இந்த எண்ணம் வடசென்னையின் மணலிக்குப் புதிதல்ல. அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் சென்னை உர ஆலையும் 1990களின் தொடக்கத்திலேயே கழிவுநீரை வாங்கித் தாங்களே சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. இத்தகைய நிலையங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு தொல்லை உண்டு: நீரில் கரைந்திருக்கும் உப்பு சவ்வின் மேல் படிந்து அடைத்துக்கொள்வது. எந்த உப்பு முதலில் படியும் என்பதை வேதியியல் முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தக் கணக்கைப் படிவைத் தடுக்க மட்டும் பயன்படுத்துவது பாதி வேலைதான். நமக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய உப்பைப் படியவைக்கவும் அதே கணக்கு உதவும்.

பிளஸ் டூ ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு இது பழகிய விஷயம். தாமிரமும் துத்தநாகமும் கலந்த அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால், தாமிரம் கறுப்பாகக் கீழே இறங்கும், துத்தநாகம் அசையாது. அம்மோனியா ஊற்றியபின் அதே வாயுவைச் செலுத்தினால் துத்தநாகம் வெள்ளையாக வரும். காரணம் கரைதிறன் பெருக்கம். ஓர் உப்பின் அயனிச் செறிவுகளைப் பெருக்கி வரும் எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால்தான் வீழ்படிவு உண்டாகும். தாமிர சல்பைடுக்கு அந்த எல்லை மிக மிகச் சிறியது. அமிலத்தில் மிஞ்சும் சொற்ப சல்பைடே அதற்குப் போதும், துத்தநாகத்துக்குப் போதாது. சல்பைடின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையில் இருக்கும் திருகு, கரைசலின் அமிலத்தன்மை.

இனி சவ்வுக்கு வருவோம். நூறு லிட்டரில் எழுபத்தைந்து லிட்டர் நல்ல நீராகப் பிரிந்தால், உப்பெல்லாம் மீதி இருபத்தைந்து லிட்டரில் அடைபடும். ஒவ்வோர் அயனியும் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஜிப்சத்தில் ஒரு கால்சியமும் ஒரு சல்பேட்டும் இருப்பதால் அதன் அயனிப் பெருக்கம் 16 மடங்காகும். டிரைகால்சியம் பாஸ்பேட்டில் மூன்று கால்சியம், இரண்டு பாஸ்பேட். நான்கை ஐந்து முறை பெருக்க வேண்டும்: 1,024 மடங்கு. இன்னும் ஐந்தே லிட்டர் கூடுதலாக எடுக்க ஆசைப்பட்டால் அது 3,125 மடங்காகிவிடும். நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கும்போது பெரிதாகத் தெரியாத பாஸ்பேட், சோப்பும் சிறுநீரும் கலந்த கழிவுநீரில் தலைவலியாவது இதனால்தான்.

படிவைத் தடுக்கும் ஆண்டிஸ்கேலன்ட் மருந்தும் கொஞ்சம் அமிலமும் சேர்த்தால் தீர்ந்தது, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை என்று கேட்கலாம். இரண்டும் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் மருந்து படிகம் வளர்வதைத் தாமதப்படுத்துமே தவிர, கரைதிறன் எல்லையை மாற்றாது. அமிலம் பாஸ்பேட்டை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கரைசலிலேயே வைத்திருக்கும். சவ்வு ஒதுக்கித் தள்ளும் ரிஜெக்ட் நீரோடு அதுவும் வெளியேறிவிடும். வெளியேறுவது உரச்சத்து. நம் நாடு பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்கிறது. அதே சத்தைச் சாக்கடையில் விட்டால் பாசிதான் அதைத் தின்று கொழுக்கும்.

மாற்றுவழி ஸ்ட்ருவைட். மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சம எண்ணிக்கையில் சேர்ந்த வெள்ளைப் படிகம் இது; மெல்லக் கரைந்து பயிருக்குச் சத்து தரும் உரம். கழிவுநீரின் கசடைச் செரிக்கவைத்து எரிவாயு எடுக்கும் நிலையங்களில், கசடிலிருந்து பிழியும் நீரில் அம்மோனியமும் பாஸ்பேட்டும் செறிந்திருக்கும். வழக்கமாக அந்த நீரை மறுபடி நிலையத்தின் வாசலுக்கே திருப்பிவிடுவார்கள். பாஸ்பேட்டும் சுற்றிச் சுற்றி வரும். அந்த இடத்தில் பி.எச். அளவை ஒன்பதை ஒட்டி வைத்து, குறைவாக இருக்கும் மக்னீசியத்தைச் சேர்த்தால் ஸ்ட்ருவைட்டின் எல்லை தாண்டப்படும். மக்னீசியத்துக்கு உப்பளங்களில் உப்பு வாரியபின் எஞ்சும் கசப்பு நீரே உதவும். அதில் போட்டிக்கு வரக்கூடிய கால்சியம், உப்பு விளைவதற்கு முன்பே ஜிப்சமாகப் பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக உப்பைப் படியவைக்கும் வித்தையை உப்பளத் தொழிலாளர்கள் வெயிலையும் பாத்தியையும் வைத்தே செய்துவருகிறார்கள்.

சாக்கடை நீர் ஆய்வகக் கரைசல் அல்ல என்ற ஆட்சேபம் வலுவானது. அயனிக் கூட்டத்தின் நெரிசலில் ஒவ்வோர் அயனியின் வீரியமும் குறையும். கரிமப் பொருள்கள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லை தாண்டியும் படிகம் வரப் பல மணி நேரம் ஆகலாம். ஆனால் எல்லைக்குள் இருக்கும் உப்பு எத்தனை நாள் காத்திருந்தாலும் படியாது; எல்லை தாண்டியதற்கு நேரமும், வளர விதைப் படிகமும் கொடுத்தால் போதும். லாஸ் ஏஞ்சலஸின் ஹைப்பீரியன் நிலையத்தில் 1960களில் யாரும் அழைக்காமலே ஸ்ட்ருவைட் குழாய்களுக்குள் படிந்து அடைத்தது. கனடாவின் எட்மன்டனில் 2007 முதல் அதையே உருண்டைகளாக எடுத்து உரமாக்கினார்கள். உரம் விற்ற காசு மட்டும் முதலீட்டைத் திருப்பித் தராமல் போகலாம். குழாய் அடைப்புக்கும் சவ்வு கழுவுவதற்கும் ஆகும் செலவையும் அதே கணக்கேட்டில் எழுதித்தான் முடிவெடுக்க வேண்டும். முதல் வேலைக்குப் பெரிய பணமும் தேவையில்லை. கசடு பிழிந்த நீரில் கால்சியம், மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட், பி.எச். ஆகிய ஐந்தையும் கோடையிலும் மழைக்காலத்திலும் அளந்து பொதுவில் வைத்தால், எத்தனை கிலோ படியும் என்பதை ஒரு கல்லூரி மாணவரே காகிதத்தில் போட்டுக் காட்டிவிடுவார்.