முதியோர் செவிலியத்தில் வயதுசார் மாற்றங்கள்

வயது கூடும்போது உடலிலும் புலன்களிலும் அறிவாற்றலிலும் படிப்படியாக ஏற்படும் மாற்றங்கள் வயதுசார் மாற்றங்கள் எனப்படும். இவை நோய்கள் அல்ல. ஆனால் நோய் வரும்போது அது வெளிப்படும் விதத்தை இவை மாற்றிவிடுகின்றன. முதியோரைப் பராமரிக்கும் செவிலியர் இவற்றை அறிந்திருக்க வேண்டியதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

உடல் மாற்றங்கள்

முதியவர்களின் வழக்கமான உடல் வெப்பநிலை சற்றுக் குறைவாகவே இருக்கும். எனவே நிமோனியா போன்ற கடும் தொற்றிலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். ஒருவரது வழக்கமான அளவிலிருந்து 1.1 பாகை செல்சியசு உயர்ந்தாலே தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு அவரது வழக்கமான அளவு முன்பே குறித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். மாரடைப்பும் நெஞ்சுவலி இன்றி, மூச்சுத்திணறலாகவோ திடீர்ச் சோர்வாகவோ வரக்கூடும்.

தாக உணர்வு குறைவதாலும் சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் தளர்வதாலும் நீரிழப்பு எளிதில் ஏற்படுகிறது. "தாகம் இல்லை" என்று முதியவர் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது. தோலின் மீள்தன்மை குறைந்திருப்பதால் புறங்கையைக் கிள்ளிப் பார்க்கும் சோதனையும் தவறான முடிவைத் தரும். நாக்கின் வறட்சி, சிறுநீரின் அளவு, எடைக் குறைவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. தசை குறைவதால் கிரியேட்டினின் உற்பத்தியும் குறையும். அதனால் சிறுநீரகம் தளர்ந்த நிலையிலும் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு இயல்பாகத் தோன்றலாம். மருந்தின் அளவு மிகுந்துவிடும் ஆபத்து இங்குதான் உள்ளது.

எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 மி.மீ. பாதரசம் குறைந்தால், அது நிலைசார் தாழ் இரத்த அழுத்தம் ஆகும். இரவில் கழிவறைக்கு எழும்போது விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கட்டிலில் சிறிது நேரம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும்.

புலன்கள்

கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, பாவை சிறுக்கிறது. எனவே வாசிக்கக் கூடுதல் வெளிச்சம் தேவை. அதே வேளை கண் கூசவும் செய்யும். நீலமும் பச்சையும் பிரித்தறியக் கடினமாவதால், மாத்திரையை நிறத்தைச் சொல்லி அடையாளம் காட்டுவது பாதுகாப்பானதல்ல.

செவியில் முதலில் இழப்பது உயர் அதிர்வெண் ஒலிகளை. 'ஸ்', 'ச்' போன்ற ஒலிகள் மங்கிப் பேச்சு கேட்கும், ஆனால் புரியாது. கத்திப் பேசினால் குரலின் சுருதி உயர்ந்து நிலைமை மோசமாகும். முகத்தை நேராகப் பார்த்து, தாழ்ந்த சுருதியில், நிறுத்திப் பேச வேண்டும். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் பலமுறை மறக்கப்படும் எளிய வேலை.

அறிவாற்றல்

முதுமையில் சிந்தனையின் வேகம் குறையும். சொல்வளம் பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஒரு பெயரை மறந்து, பிறகு நினைவுகூர்வது இயல்பு. பழகிய தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது இயல்பல்ல.

மறதிநோய் மாதங்களிலும் ஆண்டுகளிலும் வளரும். டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பமோ சில மணிநேரங்களில் அல்லது நாட்களில் தோன்றி, ஒரே நாளில் கூடியும் குறைந்தும் காணப்படும். தொற்று, நீரிழப்பு, புதிய மருந்து, சிறுநீர்த் தேக்கம், மலச்சிக்கல் ஆகிய எதுவும் இதற்குக் காரணமாகலாம். கூச்சலிடும் நோயாளியை எல்லோரும் கவனிப்பார்கள். ஆனால் டெலிரியத்தின் அமைதியான வகையில் நோயாளி பேசாமல், உண்ணாமல், உறங்கிக்கொண்டே இருப்பார். "வயசாயிட்டா அப்படித்தான்" என்று விடப்படுபவர்கள் இவர்களே. நேற்று எப்படி இருந்தார் என்று உடனிருப்பவரிடம் கேட்பதே இதைக் கண்டறிய உதவும் முதல் கேள்வி. கூடவே, அவரது கண்ணாடியும் காதொலிக் கருவியும் அணிவிக்கப்பட்டுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். இவை இல்லாதபோது தெளிவான மனமுள்ளவரும் குழம்பியவராகவே தோன்றுவார்.